ஒரு பிரவுசரில் நேராக, இன்னொன்றில் கோணலாக: இணையப் பக்கக் கோளாறுக்குக் காரணம் கண்டுபிடிக்கும் முறை

மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் கடை வைத்திருக்கும் ஒரு வியாபாரிக்கு இணையப் பக்கம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே கடையின் பெயர், அதன் கீழே அன்றைய மல்லி, முல்லை, பிச்சி விலைப் பட்டியல், அடியில் ஆர்டர் கொடுக்க ஒரு பொத்தான். உங்கள் லேப்டாப்பில் உள்ள குரோமில் எல்லாம் அழகாக இருக்கிறது. கடைக்காரரின் ஐபோனில் திறந்தால் பொத்தான் திரைக்குக் கீழே மறைந்துவிடுகிறது. அவருடைய மகளின் ஆண்ட்ராய்டு போனில் விலைப் பட்டியல் பக்கவாட்டில் நகர்கிறது. கணக்குப்பிள்ளையின் பழைய கணினியில் கடையின் பெயர் இரண்டு வரியாக உடைகிறது.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் இந்த இடத்தில் உடனே, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கோப்பைத் திறக்கிறார்கள். இங்கே ஐந்து பிக்சல் கூட்டி, அங்கே பத்து பிக்சல் குறைத்து, ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாகச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது. வாரக் கடைசியில் அந்தக் கோப்பை எழுதியவருக்கே அது புரியாமல் போய்விடுகிறது.

நான் சொல்ல விரும்புவது ஒரே ஒரு கட்டுப்பாடு. காரணம் தெரியும்வரை ஒரு வரியைக்கூடத் திருத்தாதீர்கள். பிரவுசர் வித்தியாசம் என்று வந்து நிற்கும் புகார்களில் பல, பிரவுசரால் வருவதே இல்லை. எழுத்துரு மாறியிருக்கும், திரை அகலம் மாறியிருக்கும், யாரோ பக்கத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள், பழைய கோப்பு தேங்கி நின்றிருக்கும். தமிழ்ப் பக்கங்களில் எழுத்துருவின் பங்கு மிகப் பெரியது. ஆங்கிலப் பக்கங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பாடங்கள் அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை என்பதால், அந்தப் பகுதியை விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

சிஎஸ்எஸ் கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். எடிட்டரில் அவற்றை வழக்கம்போல் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்துகொள்ளுங்கள்.

பெயர்கள் பல, எஞ்சின்கள் மூன்று

பிரவுசர்களின் பெயர்கள் நிறைய இருந்தாலும், பக்கத்தைத் திரையில் வரையும் எஞ்சின்கள் இன்று முக்கியமாக மூன்றுதான். குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், சாம்சங் இன்டர்நெட் ஆகியவற்றுக்குள் இருப்பது பிளிங்க். ஃபயர்ஃபாக்ஸுக்குள் கெக்கோ. சஃபாரிக்குள் வெப்கிட். பிளிங்க் 2013-இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்த கிளை. எட்ஜ் 2020 ஜனவரியில் தன் பழைய எஞ்சினை விட்டுவிட்டுக் குரோமின் அடிப்படையான குரோமியத்துக்கு மாறியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11-ஐ மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-இல் நிறுத்திவிட்டது. பழைய பாடக் குறிப்புகளில் எக்ஸ்புளோரருக்கென்று இருக்கும் தந்திரங்களை இனி நீங்கள் கற்க வேண்டியதில்லை.

ஐபோனைப் பற்றி ஒன்றை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஒருவர் ஐபோனில் குரோமைத் திறந்தாலும், ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான். ஆகவே, “ஐபோனில் குரோமிலும் தப்பாகத் தெரிகிறது” என்று வாடிக்கையாளர் சொன்னால், குரோமைக் குறைசொல்லாதீர்கள். அங்கே சோதிக்க வேண்டியது வெப்கிட்டை. அந்த வெப்கிட் போனின் இயங்குதளத்தோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐபோன் 6 ஐஓஎஸ் 12-க்கு மேல் போகாது. அதில் எந்தப் பிரவுசரை நிறுவினாலும் எஞ்சின் பழையதுதான்.

எஞ்சின்கள் ஏன் வேறுபடுகின்றன? புது மண்டபத்துத் தூண்களுக்கு இடையே தையல் மெஷின்கள் வரிசையாக ஓடிய காலத்தில், ஒரே அளவுச் சீட்டை அங்கே மூன்று தையல்காரர்களிடம் கொடுத்திருந்தால், சீட்டில் எழுதிய அளவெல்லாம் மூன்று சட்டையிலும் ஒன்றாகத்தான் வந்திருக்கும். எழுதாமல் விட்ட காலர் அகலமும் கை மடிப்பும் அவரவர் வழக்கப்படி வந்திருக்கும். பிரவுசர்களும் அப்படித்தான். நீங்கள் சொன்ன விதிகளை மூன்று எஞ்சின்களும் இன்று ஏறக்குறைய ஒரே மாதிரி நிறைவேற்றுகின்றன. 2022 முதல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா ஆகியவை இன்டர்ஆப் என்ற கூட்டு முயற்சியில், ஆண்டுதோறும் சில அம்சங்களைத் தேர்ந்தெடுத்து ஒன்றுபோல் இயங்கச் செய்துவருகின்றன. நீங்கள் சொல்லாமல் விட்ட இடங்களில்தான் வேற்றுமை அதிகம் தெரிகிறது.

முதலில் விசாரணை

புகார் வந்தவுடன் ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். கூடவே, எந்தப் போன் அல்லது கணினி, எந்தப் பிரவுசர், அதன் பதிப்பு எண் என்ன, பக்கத்தை எங்கிருந்து திறந்தார் என்பதையும் கேளுங்கள். ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ வந்த இணைப்பைத் தொட்டிருந்தால், அந்தச் செயலியின் உள்ளேயே இருக்கும் பிரவுசரில் பக்கம் திறந்திருக்கும். அதன் மேற்பட்டையும் அடிப்பட்டையும் வேறு உயரம் கொண்டவை. இந்த விவரங்கள் இல்லாமல் வேலையைத் தொடங்கினால், இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து, பிரவுசருக்குத் தொடர்பில்லாத காரணங்களைக் கழிக்க வேண்டும். கன்ட்ரோலும் பூஜ்ஜியமும் சேர்த்து அழுத்தினால், பெரிதாக்கிய பக்கம் 100 சதவீதத்துக்குத் திரும்பும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், தேங்கிய பழைய கோப்புகளை விட்டுவிட்டுப் புதியவை இறங்கும். பிறகு, தனிப்பட்ட சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்து பாருங்கள். பிரவுசரில் சேர்த்துக்கொண்ட நீட்டிப்புகள் (எக்ஸ்டென்ஷன்கள்) பெரும்பாலும் அங்கே இயங்காது. அங்கே பக்கம் சரியாக இருந்தால், குற்றவாளி ஏதோ ஒரு நீட்டிப்பு. இதில் புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஒரு வகை உண்டு. தள்ளுபடி அறிவிப்புக்கு ‘ஆட்-பேனர்’ என்று கிளாஸ் பெயர் வைத்திருப்பார்கள். விளம்பரத் தடுப்பான் அந்தப் பெயரைப் பார்த்து, பகுதியையே மறைத்துவிடும். கட்டங்கள் வரிசை குலைந்து நிற்கும். பெயரை மாற்றினால் போதும், சிஎஸ்எஸ்ஸைத் தொட வேண்டியதில்லை.

விண்டோஸ் லேப்டாப்புகளில் திரை அளவை 125 சதவீதமாக வைத்திருப்பது மிகச் சாதாரணம். 1366 பிக்சல் அகலமுள்ள திரை அப்போது பக்கத்துக்கு ஏறக்குறைய 1093 பிக்சலாகத்தான் தெரியும். நீங்கள் 1200 பிக்சலுக்கு வைத்திருக்கும் கணினி வடிவம் அங்கே வராமல், டேப்லெட் வடிவம் வந்து நிற்கும். வயதானவர்கள் போனில் எழுத்தளவைப் பெரிதாக வைத்திருப்பார்கள். அதைக் கோளாறு என்று எண்ணாதீர்கள். அவர்களுக்கும் பக்கம் தாங்க வேண்டும்.

இவையெல்லாம் கழிந்த பிறகு ஓர் எளிய ஒப்பீடு. ஒரே கணினியில் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றையும் ஒரே அகலத்தில் வைத்துத் திறங்கள். குரோமும் எட்ஜும் ஒன்றாக இருந்து ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் மாறினால், எஞ்சின் வேறுபாட்டையோ ஃபயர்ஃபாக்ஸின் எழுத்துரு அமைப்பையோ சந்தேகிக்கலாம். உங்கள் கணினியின் குரோமும் கடைக்காரர் கணினியின் குரோமும் ஒரே பதிப்பாக இருந்தும் பக்கம் மாறித் தெரிந்தால், எஞ்சினை விட்டுவிடுங்கள். எழுத்துரு, அகலம், அமைப்பு என்ற மூன்றில் ஒன்றுதான் காரணம். பதிப்பு மாறியிருந்தால், நீங்கள் எழுதிய ஏதோ ஒரு புதிய அம்சம் அந்தப் பழைய பதிப்புக்குத் தெரியவில்லை. இந்தப் பத்து நிமிட வேலை, பல மணி நேரத் தவிப்பை மிச்சப்படுத்தும்.

கோப்பின் முதல் நான்கு வரிகள்

பக்கத்தின் உள்ளடக்கம் இருக்கும் எச்டிஎம்எல் கோப்பின் முதல் வரி, அது எந்த வகைக் கோப்பு என்று சொல்லும் டாக்டைப் அறிவிப்பு. அது இல்லாவிட்டால் பிரவுசர்கள் தொண்ணூறுகளின் பக்கங்களுக்காக வைத்திருக்கும் ‘குவிர்க்ஸ்’ என்ற பழைய முறைக்குப் போய்விடும். அந்த முறையில் உயரமும் அட்டவணை எழுத்தளவும் வேறு கணக்கில் வரும். சந்தேகம் இருந்தால், எஃப்12 அழுத்தினால் திறக்கும் டெவ்டூல்ஸ் பலகையின் கன்சோலில் ‘டாக்குமென்ட்.காம்பட்மோட்’ என்று கேளுங்கள். ‘சிஎஸ்எஸ்1காம்பட்’ என்று விடை வந்தால் சரி. ‘பேக்காம்பட்’ என்று வந்தால் முதல் வரியில் கோளாறு. டாக்டைப்புக்கு மேலே ஏதாவது எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எச்டிஎம்எல் டேகில் மொழிக் குறிப்பு, தமிழைக் குறிக்கும் ‘டிஏ’ என்று இருக்கட்டும். மாதிரிக் கோப்பை அப்படியே எடுத்தால் அதில் ஆங்கிலத்துக்கான ‘இஎன்’ என்றுதான் இருக்கும். யாரும் அதை மாற்றுவதில்லை. பிரவுசர் எழுத்துரு தேர்ந்தெடுப்பதற்கும் மொழிபெயர்க்கட்டுமா என்று கேட்பதற்கும் இந்தக் குறிப்பு பயன்படுகிறது. குரோம் மொழிபெயர்ப்பு ஓடினால், பக்கத்துக்குள் புதிய டேகுகள் நுழைந்து வரிசை குலையக்கூடும். எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8. நான்காவது, பக்கத்தைத் திரை அகலத்துக்கேற்ப அமைக்கச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக். அது இல்லையென்றால், போன் பக்கத்தை 980 பிக்சல் அகலம் என்று எண்ணிக்கொண்டு முழுவதையும் சுருக்கிக் காட்டும்.

பிறகு, எச்டிஎம்எல் பிழைகளைக் காட்டும் டபிள்யூ3சி வேலிடேட்டர் என்ற இணையக் கருவியில் கோப்பைக் கொடுத்துச் சோதியுங்கள். மூடாமல் விட்ட டேகை எப்படிச் சமாளிப்பது என்பதை எச்டிஎம்எல்5 தரம் விரிவாக வரையறுத்துவிட்டதால், இன்று மூன்று எஞ்சின்களும் ஒரே மாதிரி தவறாகக் காட்டும். ஆனாலும் ஒரு டேக் மூடாமல் இருக்கையில் சிஎஸ்எஸ்ஸை ஆராய்வது வீண்.

கோளாறு எந்தப் பெட்டியில்?

பக்கம் பக்கவாட்டில் நகர்கிறது என்றால், ஏதோ ஒரு பெட்டி திரையைவிட அகலமாக இருக்கிறது. எல்லா உறுப்புகளுக்கும் சிவப்பு நிறத்தில் ஒரு பிக்சல் ‘அவுட்லைன்’ கொடுங்கள். ‘பார்டர்’ கொடுக்காதீர்கள். பார்டர் இடம் பிடித்து அமைப்பையே மாற்றிவிடும், அவுட்லைன் மாற்றாது. எந்தச் சிவப்புக் கட்டம் வெளியே நீட்டுகிறது என்பது உடனே கண்ணில் படும்.

கட்டம் தெரிந்துவிட்டால், எஃப்12 அழுத்தி இரண்டு பிரவுசர்களிலும் அதே உறுப்பைத் தேர்ந்தெடுங்கள். ‘கம்ப்யூட்டட்’ பகுதியில் அகலம், உயரம், மார்ஜின் (வெளி இடைவெளி), பேடிங் (உள் இடைவெளி), எழுத்தளவு, வரி உயரம் ஆகியவை எண்ணாக இருக்கும். காகிதத்தில் இரண்டு பத்தியாக எழுதி ஒப்பிடுங்கள். எண் எங்கே முதலில் மாறுகிறதோ அங்கேதான் காரணம் இருக்கிறது. உள்ளே இருக்கும் உறுப்பில் தொடங்கி வெளியே போகவும். தாய்ப் பெட்டி அகலமாக இருப்பது பெரும்பாலும் குழந்தைப் பெட்டி தள்ளுவதால்தான். ஃபயர்ஃபாக்ஸின் இன்ஸ்பெக்டர் இந்த வேலையில் தனிச் சிறப்பு உடையது. ஒரு கட்டளை அந்த இடத்தில் பலனளிக்காவிட்டால், அதை மங்கலாக்கி, ஏன் பலனில்லை என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பும் தரும். குரோமிலேயே பழகியவர்களும் இதற்காக அதை நிறுவிக்கொள்ளலாம்.

இவ்வளவிலும் பிடிபடாவிட்டால் பாதி பாதியாக வெட்டுங்கள். கோப்பின் நகலை எடுத்து, சிஎஸ்எஸ்ஸில் பாதியை நீக்குங்கள். கோளாறு இருக்கிறதா? மிச்சப் பாதியில்தான் காரணம். போய்விட்டதா? நீக்கிய பாதியில். இப்படியே போனால், ஆயிரம் வரிக் கோப்பிலும் சில நிமிடங்களில் ஒரு விதியில் வந்து நிற்பீர்கள். எச்டிஎம்எல்லையும் அதேபோல் சுருக்குங்கள். கடைசியில் பத்துப் பதினைந்து வரிகளில், கோளாறு மட்டும் இருக்கும் ஒரு குட்டிப் பக்கம் கையில் இருக்கும். அதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் யாரிடமாவது உதவி கேட்க வேண்டுமென்றால், முழுத் தளத்தைக் காட்டாமல் இதைக் காட்டினால்தான் பதில் வரும்.

தமிழ் எழுத்துரு

குரோமில் ஒரு தமிழ்த் தலைப்பைத் தேர்ந்தெடுத்து, ‘கம்ப்யூட்டட்’ பகுதியின் அடியில் ‘ரெண்டர்டு ஃபான்ட்ஸ்’ என்று இருப்பதைப் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸில் ‘ஃபான்ட்ஸ்’ என்றே தனிப் பலகை உண்டு. சிஎஸ்எஸ்ஸில் நீங்கள் பாப்பின்ஸ் என்று எழுதியிருக்கலாம். பாப்பின்ஸில் ஆங்கில எழுத்தும் தேவநாகரியும் உண்டு, தமிழ் இல்லை. ஆகவே, ஒவ்வொரு பிரவுசரும் தமிழுக்கு அந்தக் கருவியில் இருக்கும் ஏதோ ஓர் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ, அதற்கு முந்தைய விண்டோஸில் லதா, ஐபோனில் தமிழ் சங்கம் எம்என், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் நோட்டோ சான்ஸ் தமிழ். இவற்றின் அகலமும் உயரமும் ஒன்றுக்கொன்று பொருந்தா. ‘மதுரை மல்லிகை மொத்த விற்பனை நிலையம்’ என்ற தலைப்பு ஒரு கருவியில் ஒரே வரியில் அடங்கும், இன்னொன்றில் ‘நிலையம்’ மட்டும் கீழே இறங்கும். ஃபயர்ஃபாக்ஸில் தமிழுக்கெனத் தனி எழுத்துரு அமைப்பும் இருக்கிறது. ஒரே கணினியில்கூட அது குரோமிலிருந்து வேறுபடக் காரணம் இது.

தீர்வு, தமிழ் எழுத்துகள் உள்ள இணைய எழுத்துருவை நீங்களே கொடுத்துவிடுவது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பவற்றில் ஹிந்த் மதுரை, முக்தா மலர், காட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை நல்லவை. ஹிந்த் மதுரையை இந்தியன் டைப் ஃபவுண்டரி வடிவமைத்தது. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய அந்த எழுத்து சிறிய அளவிலும் தெளிவாகப் படிக்க வருகிறது. தடிமனான தலைப்பு வைக்கிறீர்கள் என்றால், அதற்குரிய 600 அல்லது 700 எடையையும் சேர்த்து இறக்குங்கள். சாதாரண எடையை மட்டும் கொடுத்தால், பிரவுசர் தானாக எழுத்தைத் தடித்துக் காட்டும். அது கருவிக்குக் கருவி வேறுபடும், தமிழின் சுழிகள் அடைத்துப்போய் அசிங்கமாகவும் இருக்கும்.

வரி உயரத்தை எண்ணாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால், ஒவ்வோர் எழுத்துருவும் தனக்குள் எழுதிவைத்திருக்கும் அளவைப் பிரவுசர் எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு 1.4 போதும். தமிழுக்கு 1.6 முதல் 1.7 வரை வைப்பது என் வழக்கம். மேலே புள்ளியும் கொக்கியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் இருப்பதால் தமிழ் எழுத்து உயரத்தில் நிறைய இடம் கேட்கிறது. பொத்தானுக்கு 36 பிக்சல் உயரம் என்று கட்டிப்போட்டு, மிஞ்சியதை மறைக்கச் சொன்னால், ஒரு கருவியில் ‘கூடை’ என்பதன் அடிச்சுழி வெட்டுப்படும். ‘ஹைட்’ கொடுக்காமல் ‘மின்-ஹைட்’ கொடுத்து, மேலும் கீழும் பேடிங் வையுங்கள்.

சொற்களின் நீளம் அடுத்தது. ‘திருப்பரங்குன்றத்திலிருந்து’ என்ற சொல்லை ஒரு சின்ன அட்டைக்குள் போட்டுப் பாருங்கள். உறுப்புகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ் பெட்டிக்குள் இருக்கும் உறுப்பு, தன்னுள் இருக்கும் மிக நீளமான சொல்லைவிடச் சுருங்க மறுக்கும். தரம் அப்படித்தான் சொல்கிறது. எழுத்துரு குறுகலாக உள்ள கருவியில் அது அடங்கிவிடும், அகலமான கருவியில் பக்கத்தையே வெளியே தள்ளும். பார்ப்பவருக்கு இது பிரவுசர் வித்தியாசமாகத் தோன்றும். அந்த உறுப்புக்கு ‘மின்-விட்த்’ பூஜ்ஜியம் என்றும், ‘ஓவர்ஃப்ளோ-ரேப்’ என்பதற்கு ‘எனிவேர்’ என்றும் எழுதினால், நீட்டல் நிற்கும். ஆனால் சொல் நடுவே உடையும். தலைப்புகளில் அது கண்ணை உறுத்தும் என்பதால், அங்கே ‘கிளாம்ப்’ கொண்டு எழுத்தளவைத் திரைக்கேற்பக் குறைப்பதே நல்லது. ‘லெட்டர்-ஸ்பேசிங்’ தமிழில் வேண்டவே வேண்டாம். கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும் ஆபத்து அதில் உண்டு.

இன்னொரு சிக்கல் அச்சகங்களிலிருந்து வருகிறது. கடைக்காரர் தன் நோட்டீஸுக்கு அச்சகத்தில் தட்டச்சு செய்த உரையை அனுப்புவார். அது பாமினி போன்ற பழைய குறியீட்டில் இருக்கும். அந்த எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் தமிழாகவும், மற்ற எல்லாவற்றிலும் ஆங்கில எழுத்துக் குப்பையாகவும் தெரியும். தமிழக அரசு 2010-இலேயே ஒருங்குறியை (யூனிகோடை) தன் தரமாக அறிவித்துவிட்டது. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை முழுவதையும் படித்துப் பார்த்துவிடுங்கள். ஒகர ஓகாரங்களும் வடமொழி எழுத்துகளும் இடம்மாறுவது உண்டு.

மற்ற வழக்கமான காரணங்கள்

பக்கத்தின் பாடி உறுப்புக்கு எல்லாப் பிரவுசர்களும் 8 பிக்சல் மார்ஜின் வைக்கின்றன. பட்டியல், தலைப்பு, படிவக் கட்டங்கள் ஆகியவற்றுக்கான இயல்பு அளவுகளில் சிறு சிறு வேற்றுமைகள் உண்டு. நார்மலைஸ் என்ற சிஎஸ்எஸ் கோப்பை முதலில் சேர்த்துவிட்டால், இந்த வேற்றுமைகளில் பெரும்பகுதி அடங்கும். எல்லா உறுப்புகளுக்கும் ‘பாக்ஸ்-சைசிங்’ என்பதைப் ‘பார்டர்-பாக்ஸ்’ என்று வைத்துவிடுங்கள். அப்போதுதான் 50 சதவீத அகலம் என்றால், பேடிங்கையும் சேர்த்து 50 சதவீதமாக இருக்கும். பொத்தானும் உள்ளீட்டுக் கட்டமும் பக்கத்தின் எழுத்துருவைத் தாமாக எடுத்துக்கொள்ளாது. ‘ஃபான்ட்’ என்பதற்கு ‘இன்ஹெரிட்’ என்று சொல்ல வேண்டும். உள்ளீட்டுக் கட்டத்தின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால், ஐபோனில் அதைத் தொட்டவுடன் பக்கமே பெரிதாகி நகர்ந்துவிடும். ஆர்டர் படிவங்களில் இது பெரிய தொல்லை.

கடைக்காரரின் ஐபோனில் பொத்தான் மறைந்தது ஏன்? உயரத்தை 100 விஎச் என்று எழுதியிருப்பீர்கள். 100 விஎச் என்றால் திரையின் முழு உயரம். ஆனால் போன் பிரவுசர்களில் அது முகவரிப் பட்டை சுருங்கிய நிலையிலுள்ள பெரிய உயரத்தைக் குறிக்கிறது. பட்டை விரிந்திருக்கும்போது அடிப்பகுதி திரைக்குக் கீழே போய்விடும். இதற்கென்றே, பட்டைக்கேற்ப மாறும் டிவிஎச், பட்டை விரிந்த நிலையின் சிறிய உயரத்தைக் குறிக்கும் எஸ்விஎச் என்ற அளவுகள் 2022-இல் மூன்று எஞ்சின்களுக்கும் வந்துவிட்டன. முதலில் 100 விஎச் என்று ஒரு வரி, அதன் கீழே 100 டிவிஎச் என்று ஒரு வரி. புரியாத வரியைப் பழைய பிரவுசர் தள்ளிவிடும், முந்தைய வரி நிற்கும். சிஎஸ்எஸ்ஸின் இந்தக் குணம் நமக்குப் பெரிய உதவி.

அகலத்தில், திரையின் முழு அகலத்தைக் குறிக்கும் 100 விடபிள்யூ வேறு வகையில் ஏமாற்றும். விண்டோஸில் செங்குத்து நகர்பட்டை இடம் பிடிக்கும்போது, அந்த அளவு பட்டையையும் சேர்த்தே கணக்கிடுவதால், பக்கம் சுமார் 15 பிக்சல் பக்கவாட்டில் நீட்டும். போன்களிலும் பல மேக் கணினிகளிலும் பட்டை உள்ளடக்கத்தின் மேல் மிதப்பதால் இது தெரியாது. 100 சதவீதம் என்று எழுதினாலே போதும்.

புதிய அம்சங்களுக்குப் பிறந்த தேதி பாருங்கள். ஃப்ளெக்ஸில் உறுப்புகளுக்கு இடையே இடைவெளி தரும் ‘கேப்’ சஃபாரிக்கு 14.1 பதிப்பில், 2021-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஐபோன்களில் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உள் கட்டங்களை வெளிக் கட்டங்களோடு வரிசைப்படுத்தும் சப்கிரிட் ஃபயர்ஃபாக்ஸில் 2019-இலேயே வந்தது, குரோமில் 117-ஆம் பதிப்பில் 2023-இல் வந்தது. விதிக்குள் விதி எழுதும் நெஸ்டிங், குரோமில் 112-ஆம் பதிப்பில் வந்தது. இப்போது கணக்குப்பிள்ளையின் கணினியை நினைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7-இல் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அண்மைய பாடத்தைப் பார்த்து நெஸ்டிங்கில் எழுதிய விதிகள் அங்கே உரியபடி வேலை செய்யாது. மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் உள்ள கடைக் கல்லாக்களில் இருக்கும் இப்படிப்பட்ட கணினியிலிருந்தும் பக்கத்துக்கு ஆள் வரலாம் என்று எண்ணியே எழுதுங்கள். எந்த அம்சம் எந்தப் பதிப்பில் வந்தது என்பதை ‘கேன் ஐ யூஸ்’ தளத்திலும் எம்டிஎன் தளத்திலும் பார்க்கலாம். பழைய பிரவுசருக்கு எளிய வடிவத்தை முதலில் எழுதி, புதியதை ‘சப்போர்ட்ஸ்’ என்ற நிபந்தனைக்குள் வையுங்கள். பிரவுசரின் பெயரைக் கண்டுபிடித்து அதற்கேற்ப மாற்றும் ஜாவாஸ்கிரிப்ட் தந்திரங்களுக்குப் போகாதீர்கள். ஐபோன் குரோமின் பெயரிலேயே அவை ஏமாந்துபோகும்.

ஒரு நுட்பமான பொறியும் உண்டு. ஒரு விதி எந்த உறுப்புகளுக்கு என்று சொல்வது செலக்டர். கமாவால் சேர்த்து எழுதிய செலக்டர் பட்டியலில் ஒன்று பிரவுசருக்குப் புரியாவிட்டாலும், முழு விதியையும் அது கைவிட்டுவிடும். சந்தேகமானவற்றைத் தனி விதியாகப் பிரித்து எழுதுங்கள்.

ஐபோன் இல்லாமல் சோதிப்பது

குரோமின் டெவ்டூல்ஸில் ஐபோன் என்று தேர்ந்தெடுத்துப் பார்த்துவிட்டுச் சோதித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அது திரை அளவையும் தொடுதலையும் மட்டுமே நடிக்கும். உள்ளே ஓடுவது பிளிங்க்தான். வெப்கிட்டை விண்டோஸிலேயே பார்க்க, பிளேரைட் என்ற இலவசக் கருவி தன்னுடன் ஒரு வெப்கிட்டைக் கொண்டுவருகிறது. லினக்ஸ் வைத்திருந்தால் க்னோம் வெப் பிரவுசர் வெப்கிட்டில் இயங்குவது. இரண்டும் ஐபோன் சஃபாரிக்கு முழுச் சமம் ஆகாவிட்டாலும், ஃப்ளெக்ஸ், கிரிட் கோளாறுகளைக் காட்டிக்கொடுக்கும். எழுத்துரு, முகவரிப் பட்டை, உள்ளீட்டுக் கட்டம் சார்ந்தவற்றுக்கு உண்மையான போன் தேவை. வீட்டிலோ நண்பரிடமோ ஐபோன் இருந்தால், லேப்டாப்பையும் போனையும் ஒரே வைஃபையில் இணைத்து, எடிட்டரின் லைவ் சர்வரை ஓடவிட்டு, லேப்டாப்பின் ஐபி முகவரியோடு 5500 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துப் போனில் திறந்தால் போதும். பக்கத்தைத் தளத்தில் ஏற்றாமலே பார்த்துவிடலாம். திறக்கவில்லை என்றால், விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கிறதா என்று பாருங்கள்.

ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரில் இணைத்தால், போனில் திறந்திருக்கும் பக்கத்தை லேப்டாப் குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்திலிருந்தே ஆராயலாம். முதலில் போனின் டெவலப்பர் அமைப்பில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்க வேண்டும்.

எதை விட்டுவிடலாம்

ஒரு வரிசையை மூன்றாகப் பங்கிட்டு 33.33 சதவீதம் கொடுத்தால், ஓரத்தில் ஒரு பிக்சல் கோடு ஒரு பிரவுசரில் தெரியும், இன்னொன்றில் தெரியாது. கெக்கோ ஒரு பிக்சலை 60 பங்காகவும், பிளிங்க் 64 பங்காகவும் பிரித்துக் கணக்கிடுகின்றன. அந்த மிச்சத்துக்காக ஒரு நாளைச் செலவிடாதீர்கள். கட்டங்களாக அடுக்கும் கிரிட்டில் சம பங்கு கொடுத்துவிட்டு நகருங்கள். தேதி தேர்வுக் கட்டமும் கீழ்விரி பட்டியலும் ஐபோனில் ஒரு மாதிரியும் ஆண்ட்ராய்டில் வேறு மாதிரியும் இருப்பது அந்தந்தப் போனின் இயல்பு. அதற்குப் பழகிய கைகள் அவை. கடைக்காரர் கேட்டால், பூ வாங்குபவர் இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடப்போவதில்லை என்று பொறுமையாக எடுத்துச்சொல்லுங்கள். விலை படிக்க வருகிறதா, பொத்தான் தொட வருகிறதா, பக்கம் பக்கவாட்டில் நகராமல் நிற்கிறதா என்பவற்றில் மட்டும் சமரசம் வேண்டாம்.

எல்லாம் சரியாக எழுதியும் ஓர் எஞ்சினில் மட்டும் தமிழ் எழுத்து உடைந்தாலோ வரி வெட்டுப்பட்டாலோ, அது உண்மையான பிரவுசர் பிழையாக இருக்கலாம். பிழைகளைப் பதிவுசெய்ய ஃபயர்ஃபாக்ஸுக்கும் வெப்கிட்டுக்கும் பக்ஸில்லா பட்டியல்கள் இருக்கின்றன, குரோமியத்துக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. எல்லாமே பொதுவில் திறந்தவை. சுருக்கி வைத்த அந்தக் குட்டிப் பக்கத்தை இணைத்து, இரண்டு பிரவுசர்களின் ஸ்கிரீன்ஷாட்டையும் பதிப்பு எண்களையும் போட்டு, எந்த எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்று எளிய ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதுங்கள். அங்கே அதைப் படிக்கும் பொறியாளருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம் என்பதால், தவறான எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அனுப்புங்கள்.